2சி: ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தெருவுக்குப் போன எழுத்துகள்

(எபிசோட்டின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரக் கதை ஒரு பேராசிரியருக்கு வந்த லிங்க்ல இருந்து ஆரம்பிக்குது.

2010-ஆம் வருஷக் கடைசி. அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், பர்டூ பல்கலைக்கழகம். அங்கே மருந்து வேதியியல் பேராசிரியரா இருந்தவர் டேவிட் நிக்கல்ஸ். அவருக்கு ஒரு சக ஆய்வாளர் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வந்த ஒரு செய்தியை அனுப்புறார். ஐரோப்பாவில் சட்டத்துக்குள்ள மாட்டாத போதைப் பொருட்களைத் தயாரிச்சு விற்கிற ஆட்களைப் பற்றிய செய்தி அது. அதில் ஒரு வியாபாரி, புதுச் சரக்குக்கான யோசனைகளை ஆய்வுக் கட்டுரைகளில் இருந்துதான் எடுக்கறோம்னு வெளிப்படையா பேசியிருக்கார். யாருடைய கட்டுரைகள் ரொம்பப் பிரயோஜனமா இருந்ததுன்னா, நிக்கல்ஸோடது.

யோசிச்சுப் பாருங்க. வாழ்நாள் முழுக்க எலிகளையும் மூலக்கூறுகளையும் வச்சு வேலை செஞ்ச ஒரு மனுஷன். மன அழுத்தத்துக்கு நல்ல மருந்து வருமா, மூளை எப்படி வேலை செய்யுதுன்னு தேடினவர். கடைசியில் அவருடைய கட்டுரைகள் யாரோ ஒருத்தருக்குக் கடைச் சரக்குப் பட்டியலா ஆயிடுச்சு.

2011 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் நிக்கல்ஸ் ஒரு பக்கக் கட்டுரை எழுதினார். விஞ்ஞானிகள் வழக்கமா எழுதற மாதிரியான கட்டுரை இல்ல அது. படிச்சா, தூக்கம் வராத ஒரு ஆள் எழுதின மாதிரி இருக்கும். 1990-களில் எம்டிஏ-ன்னு சுருக்கமா கூப்பிடற ஒரு பொருள் இல்ல, எம்டிஏ-வுக்குப் பதிலா 'டி'யை நடுவுல போட்ட எம்டிஏ-வும் இல்ல; எம்-டி-ஏ, எழுத்துக் குழப்பம் வேண்டாம், முழுப் பெயரே சொல்லிடறேன்: மெதில்தயோஆம்ஃபெட்டமைன். எக்ஸ்டசி மூளையில் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்க அவருடைய ஆய்வகம் அதை எலிகளில் சோதிச்சது. எக்ஸ்டசிக்குப் பழக்கின எலிகள் இதையும் கிட்டத்தட்ட அதே மாதிரி உணர்ந்தன. கட்டுரை வெளிவந்தது. சில வருஷம் கழிச்சு ஐரோப்பாவில் அது மாத்திரையா விற்பனைக்கு வந்துச்சு. தெருவில் அதுக்கு வச்ச பெயர் 'ஃபிளாட்லைனர்'. ஐசியூ திரையில் இதயத் துடிப்பு நின்னா நேர்க்கோடு வருமே, அந்தக் கோடு. ஆறு பேரோட மரணம் அதோட தொடர்புபடுத்தப்பட்டது.

என்ன நடந்தது? அந்தப் பொருள் மூளையில் செரட்டோனினைக் கொட்டவும் செய்யுது, கொட்டின செரட்டோனின் உடைஞ்சு போகாம தடுக்கவும் செய்யுது. திறந்த குழாய், அடைச்ச சாக்கடை. எலிக்கு அது எக்ஸ்டசி மாதிரி 'தோணுச்சு', அவ்வளவுதான் கட்டுரை சொன்னது. மனுஷனுக்குப் பாதுகாப்பானதுன்னு ஒரு வரி கூட அதில் இல்ல. இல்லாத வரியைத்தான் வாங்கினவங்க படிச்சாங்க.

இந்தக் கதை எங்கிருந்து தொடங்குதுன்னு பார்க்க நாம பின்னாடி போகணும். நிக்கல்ஸ் ஒரு பெரிய குடும்பத்தோட வரலாற்றுக்குள் நிற்கிறார். அந்தக் குடும்பத்துக்கு ஃபெனெதிலமைன்னு பெயர்.

கெமிஸ்ட்ரினு சொன்னதும் ஆப்பை மூடிடாதீங்க, ரெண்டே நிமிஷம். ஆறு மூலை கொண்ட ஒரு வளையம். அதிலிருந்து ரெண்டு கார்பன் நீளத்துக்கு ஒரு வால். வால் நுனியில் ஒரு நைட்ரஜன். இதுதான் எலும்புக்கூடு. நம்ம உடம்புக்குள்ள ஓடுற டோபமைனும் அட்ரினலினும் இதே எலும்புக்கூட்டில் கட்டினவைதான். வளையத்தின் எந்த மூலையில் எதை மாட்டறீங்க என்பதைப் பொறுத்து அது மூக்கடைப்பு மருந்தாகலாம், இதயத்தைப் பதற வைக்கலாம், இல்லன்னா மெக்சிகோ கள்ளிச்செடியில் இருக்கிற மெஸ்கலின் ஆகலாம்.

மெக்சிகோவிலும் டெக்சாஸ் பக்கமும் வாழ்ந்த பழங்குடி மக்கள் பெயோட்டே என்ற சின்னக் கள்ளியைச் சடங்குகளில் பயன்படுத்தினது 5,000 வருஷத்துக்கும் மேல் பழசு. 1897-ல் ஜெர்மானியரான ஆர்தர் ஹெஃப்டர் அந்தக் கள்ளியில் இருந்த பொருட்களைத் தனித்தனியா பிரிச்சார். எது காட்சிகளைக் காட்டுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொண்ணா தானே சாப்பிட்டுப் பார்த்தார். அப்படிக் கிடைச்சதுதான் மெஸ்கலின். 1919-ல் வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் ஷ்பேத் அதைக் கள்ளியே இல்லாம ஆய்வகத்தில் செஞ்சு காட்டினார். கள்ளியை விட்டு மூலக்கூறு தனியா கிளம்பினது அங்கதான்.

இப்போ கலிஃபோர்னியா. அலெக்சாண்டர் ஷல்கின், நண்பர்களுக்கு சாஷா. 1925-ல் பெர்க்லியில் பிறந்தவர், டௌ கெமிக்கல் கம்பெனியில் வேலை. அங்கே 'செக்ட்ரான்' என்ற பூச்சிக்கொல்லியை உருவாக்கினார். மண்ணில் தானே மக்கிப் போகிற பூச்சிக்கொல்லி. கம்பெனிக்கு நல்ல காசு. சந்தோஷப்பட்ட கம்பெனி, உனக்குப் பிடிச்சதை ஆராய்ச்சி பண்ணிக்கோன்னு விட்டுடுச்சு. அவருக்குப் பிடிச்சது என்னன்னு அவங்க கேட்டிருக்கலாம்.

1960-ல் ஷல்கின் முதல் முறையா மெஸ்கலின் எடுத்தார். மறந்தே போயிருந்த சின்ன வயசு உலகம் திரும்பி வந்துச்சு. அதை விட அவரை உலுக்கினது அதுக்கப்புறம் வந்த யோசனை: இவ்வளவும் அந்த வெள்ளைப் பொடிக்குள்ள இருந்திருக்க முடியாது, எனக்குள்ளதான் இருந்திருக்கு, பொடி கதவைத்தான் திறந்துச்சு. அப்புறம் அவர் செஞ்சதெல்லாம் ஒரே வேலைதான். அந்த எலும்புக்கூட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொண்ணை மாட்டிப் பார்க்கிறது.

1963-ல் அவர் செஞ்ச ஒரு பொருள் டிஓஎம். இது வாலில் ஒரு கார்பன் கூடுதலா இருக்கிற ஆம்ஃபெட்டமைன் வகை, நம்ம குடும்பத்துக்குப் பங்காளி வீடு. 1967-ல் இதே பொருள் சான் பிரான்சிஸ்கோவில் 'எஸ்டிபி' என்ற பெயரில் இலவச மாத்திரையா வலம் வந்தது. அந்த வருஷம் அங்கே ஹிப்பி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் குவிஞ்சிருந்தாங்க. மாத்திரையில் இருந்த அளவு ஷல்கின் பயன்படுத்தினதை விட அதிகம். இதுக்கு இன்னொரு குணம்: ஏற ரொம்ப நேரமாகும். ஒரு மணி நேரம் காத்திருந்துட்டு 'இது வேலை செய்யல'ன்னு இன்னொண்ணு போட்டாங்க. அப்புறம் ரெண்டும் சேர்ந்து ஏறி, ஒரு நாள் முழுக்க இறங்கல. ஆஸ்பத்திரிகளுக்குப் பயந்து நடுங்கின இளைஞர்கள் வந்து சேர்ந்தாங்க.

இந்தச் சம்பவத்தை மனசில் வச்சுக்கோங்க. ஆய்வகத்தில் ஒருத்தருக்குத் தெரிஞ்ச 'எவ்வளவு', 'எவ்வளவு நேரம்' என்ற ரெண்டு விவரம் தெருவுக்கு வரும்போது கழன்று விழுந்திருக்கு. பொருள் மட்டும் வந்திருக்கு.

1960-களின் நடுவில் ஷல்கின் டௌவை விட்டு வெளியே வந்தார். பெர்க்லிக்குக் கிழக்கே லஃபாயெட்டில் தன் வீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்னக் கட்டடத்தில் ஆய்வகம். படங்களில் பார்த்தா சிலந்தி வலையும் கண்ணாடிக் குடுவையுமா மந்திரவாதி குகை மாதிரி இருக்கும். ஆனா திருட்டு ஆய்வகம் இல்ல. அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பான டிஇஏ கொடுத்த உரிமம் அவர்கிட்ட இருந்தது. அதன் அதிகாரிகளுக்கே அவர் ஆலோசனை சொன்னார். போதைச் சட்டங்களைப் பற்றி 1988-ல் அவர் எழுதின கையேடு அவங்க மேஜையிலேயே இருந்தது.

அங்கேதான் 2சி குடும்பம் பிறந்தது. '2சி' என்றால் வாலில் ரெண்டு கார்பன், அவ்வளவுதான். பங்காளி வீட்டில் இருந்து பிரிச்சுக் காட்ட ஷல்கின் நோட்டில் எழுதின சுருக்கம். இந்தக் குடும்பத்தில் வளையத்தின் 2-ஆம், 5-ஆம் மூலைகள் எப்பவும் ஒண்ணுதான். 4-ஆம் மூலையில் மாட்டறது மட்டும் மாறும். அங்கே புரோமின் வந்தா 2சி-பி, அயோடின் வந்தா 2சி-ஐ, எதில் வந்தா 2சி-இ. கந்தகம் வந்தா 2சி-டி வரிசை, அதில் 2, 7-ன்னு எண்கள். முதல்ல வந்தவர்களில் ஒருத்தர் 2சி-பி, 1974.

சோதனை முறை ஹெஃப்டர் முறையேதான், ஆனா ரொம்பப் பொறுமையா. எந்த விளைவும் இருக்க முடியாத அளவுக்குத் துளியில் ஆரம்பிக்கணும். நாள் விட்டு நாள் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். அவருக்குச் சரின்னு பட்டா மனைவி ஆன். அதுக்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் கொண்ட குழு. ஒவ்வொருத்தரும் குறிப்பு எழுதணும், மதிப்பெண் போடணும். ஷல்கினைப் பற்றிப் படிக்கும்போது அந்த மனுஷன் மேல ஒரு பாசம் வந்துடுது, எனக்கும் வந்துச்சு. ஆனா அந்தப் பாசத்தைக் கொஞ்சம் சந்தேகமாவே பார்க்கணும்னு நினைக்கிறேன். பன்னிரண்டு நண்பர்கள் என்பது மருத்துவப் பரிசோதனை கிடையாது. அவங்க பெரும்பாலும் நடுவயசுக்காரங்க, படிச்சவங்க, தெரிஞ்ச வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தவங்க. பக்கத்திலேயே பொருளைச் செஞ்ச ஆள் இருந்தார்.

1991-ல் சாஷாவும் ஆனும் ஒரு புத்தகம் போட்டாங்க. பெயர் 'பிகால்'. 'நான் அறிந்த, நேசித்த ஃபெனெதிலமைன்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். முதல் பாதி அவங்க காதல் கதை. ரெண்டாம் பாதியில் 179 பொருட்கள்; ஒவ்வொண்ணையும் எப்படிச் செய்யறது, எவ்வளவு, எத்தனை மணி நேரம், எப்படி இருந்தது. ஏன் இதை அச்சடிக்கணும்? ஷல்கினுக்கு ஒரு பயம் இருந்தது. வில்ஹெல்ம் ரைக் என்ற உளவியல் மருத்துவரின் புத்தகங்களை 1950-களில் அமெரிக்க அரசு எரிச்ச சம்பவம் அவர் மனசில் இருந்தது. தன் நோட்டுகளுக்கும் அந்தக் கதி வரலாம். ஒரே இடத்தில் இருந்தால்தானே எரிக்க முடியும்? ஆயிரம் வீட்டில் இருந்தா?

அரசு அதை வேற மாதிரி படிச்சது. அவங்களுக்கு அது போதை செய்யும் சமையல் புத்தகம். 1994-ல் டிஇஏ ஆட்கள் அந்தப் பண்ணை வீட்டுக்குள் நுழைஞ்சாங்க. 25,000 டாலர் அபராதம், உரிமத்தையும் அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியதாச்சு. ஆனா புத்தகம் வெளியே போயிடுச்சு. இந்த இடத்தில் ஷல்கின் போட்ட கணக்கு சரி. எரிக்க முடியல.

அந்தக் கணக்குக்கு ஒரு விலை இருந்ததையும் சொல்லணும். 'பிகால்'-இல் அவர் தனக்கு ரொம்பப் பிடிச்ச ஆறு பொருட்களைத் தனியா குறிப்பிட்டார். அதில் ஒண்ணு 2சி-டி-7. 2000-ல் இருந்து 2001-க்குள் அமெரிக்காவில் மூணு இளைஞர்களின் மரணம் அந்தப் பொருளோட தொடர்புபடுத்தப்பட்டது. புத்தகத்தில் இருந்தது வாயால் விழுங்கின அனுபவம். வாங்கினவங்களில் சிலர் மூக்கில் உறிஞ்சினாங்க. விழுங்கினா மெதுவா போய்ச் சேர்ற பொருள், உறிஞ்சினா மொத்தமா பாய்ஞ்சிடும். மறுபடியும் அதே கதைதான்: மூலக்கூறு வந்துச்சு, அதைச் சுத்தி இருந்த ஜாக்கிரதை வரல.

இதுக்குள்ள வியாபாரம் பெருசாகிடுச்சு. 2சி-பி 1990-களின் தொடக்கத்தில் 'நெக்சஸ்' என்ற பெயரில் பாலுணர்வு ஊக்கி மாதிரி விற்பனையானது. நெதர்லாந்தில் கடையிலேயே கிடைச்சது, 1997-ல் தடை வரும் வரைக்கும். அமெரிக்காவில் 1986-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது: தடை செஞ்ச பொருளைப் போலவே இருக்கிற பொருளை மனுஷன் சாப்பிட விற்றா, அதுவும் தடை செஞ்ச பொருள் மாதிரிதான். அதில் 'மனுஷன் சாப்பிட' என்ற சொல்லைப் பிடிச்சுக்கிட்டு வந்ததுதான் 'ஆய்வு இரசாயனம், மனிதர் உட்கொள்வதற்கு அல்ல' என்ற லேபிள். யாரு ஏமாந்தாங்கன்னு தெரியல. வித்தவனும் ஏமாறல, வாங்கினவனும் ஏமாறல. 2004-ல் டிஇஏ இப்படி இணையத்தில் விற்ற பத்துப் பேரைக் கைது செய்தது. 2001-லேயே ஐ.நா.வின் சர்வதேசப் பட்டியலிலும் 2சி-பி ஏறிடுச்சு. ஒண்ணைத் தடை செஞ்சா, 4-ஆம் மூலையில் வேற ஒண்ணை மாட்டி அடுத்தது வரும். குடும்பம்தான் பெருசாச்சே.

இனி கதை பெர்லினுக்குப் போகுது. 2003, பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம். ரால்ஃப் ஹைம் என்ற ஆராய்ச்சி மாணவர் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறார். மூளையில் செரட்டோனின் போய் ஒட்டுற வாசல்கள் பல வகை. அதில் ஒரே ஒரு வகையை மட்டும் இறுக்கமா பிடிக்கிற சாவி வேணும். அது இருந்தா அந்த வாசலைத் தனியா ஆராயலாம். ஹைம் என்ன செஞ்சார்னா, 2சி-யின் வால் நுனியில் இருந்த நைட்ரஜனில் இன்னொரு முழு வளையத்தைக் கொண்டுவந்து மாட்டினார். சாவி அபாரமா பொருந்துச்சு. இந்தப் புதுக் கிளைக்கு 25ஐ-என்பிஓஎம்இ, 25பி-என்பிஓஎம்இ என்று பெயர்கள். பேச்சில் 'என்-போம்'. நிக்கல்ஸோட ஆய்வகமும் இதை எடுத்து, சாவி எப்படி இவ்வளவு இறுக்கமா பிடிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணுச்சு.

இது வெட்டி வேலை இல்லை. கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் இதே 25பி-யில் கதிரியக்கக் கார்பனைச் சேர்த்து, ரொம்ப ரொம்ப நுண்ணிய அளவில் செலுத்தி, உயிரோட இருக்கிற மனுஷ மூளையில் அந்த வாசல்கள் எங்கெங்க இருக்குன்னு ஸ்கேனில் படம் எடுத்தாங்க. நல்ல விஞ்ஞானம். அந்த இறுக்கமான பிடி இல்லாம அந்தப் படம் கிடைச்சிருக்காது.

அதே இறுக்கமான பிடிதான் 2010-க்கு அப்புறம் ஆள்களைக் கொன்னது. எப்படின்னு பாருங்க. 2சி-பி வேலை செய்ய மில்லிகிராம் கணக்கில் வேணும். ஒரு சின்ன காகிதத் துண்டில் அது அடங்காது. என்-போம் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவிலேயே வேலை செய்யும், அதாவது சில உப்புக்கல் எடைதான். காகிதத்தில் அடங்கும். காகிதத்தில் அடங்குற போதைப் பொருளுக்கு உலகம் முழுக்க ஏற்கனவே ஒரு பெயர் இருக்கு: எல்எஸ்டி. செய்யவும் மலிவு. அதனால வியாபாரிகள் இதை எல்எஸ்டின்னே சொல்லி வித்தாங்க. வீட்டுத் தராசில் நிறுக்க முடியாத பொருளைக் கரைச்சு காகிதத்தில் நனைச்சா, ஒரு துண்டில் எவ்வளவு, பக்கத்துத் துண்டில் எவ்வளவுன்னு நனைச்சவனுக்கே தெரியாது.

எல்எஸ்டி மனசை எப்படிப் புரட்டினாலும், அதன் விஷத்தால மட்டுமே உயிர் போறது மிக அரிது. என்-போம் அப்படி இல்ல. ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயம் பாயும், உடம்பு கொதிக்கும், வலிப்பு வரும். (ஒரு விஷயம், கதைக்கு வெளியே: வலிப்பும் கொதிக்கிற உடம்பும் 'தூங்கினா சரியாயிடும்' வகை இல்ல. போலீஸ் பயத்தில் ஃபிரெண்டைப் பூட்டி வைக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.) 2012, 2013-ல் அமெரிக்காவில் மட்டும் குறைந்தது 19 மரணங்களை டிஇஏ இதோட தொடர்புபடுத்தியது. இறந்தவங்க வயசு 15-ல் இருந்து 29. 2013 நவம்பரில் அமெரிக்கா அவசரத் தடை போட்டது. 2015-ல் ஐ.நா. பட்டியல்.

இப்போ நிக்கல்ஸோட அந்த 'நேச்சர்' கட்டுரைக்குத் திரும்பி வருவோம். அதில் அவர் புலம்பினது பழைய மாத்திரையைப் பற்றி, ஃபிளாட்லைனரைப் பற்றி. அவர் எழுதிக்கிட்டிருந்த அதே மாதங்களில்தான் என்-போம் இணையக் கடைகளில் தலைகாட்ட ஆரம்பிச்சது. அவருக்கு அடுத்த அடி ஏற்கனவே கிளம்பிடுச்சு.

அவர் அந்தக் கட்டுரையில் தன்னைத் தண்டிச்சுக்கவும் இல்ல, முழுசா விடுவிக்கவும் இல்ல. துப்பாக்கி செஞ்சவனுக்கு அது எதுக்குன்னு தெரியும். மருந்து தேடினவனுக்கு இது நடக்கும்னு தெரியுமா? வெளியிடாம விட்டிருந்தா மருந்து தேடுற மத்தவங்களுக்கு அந்த அறிவு போயிருக்காது. வெளியிட்டதால செத்தவங்களை எண்ணலாம், பிழைச்சவங்களை எண்ண வழியில்ல. இந்த இடத்தில் எனக்கு ஷல்கினை விட நிக்கல்ஸ்தான் நெருக்கமா தெரியறார். ஷல்கின் தெரிஞ்சே கதவைத் திறந்தார், அதுக்கு அவர்கிட்ட ஒரு கொள்கை இருந்தது. 2014-ல் இறக்கிற வரைக்கும் அதில் அவர் மாறல. நிக்கல்ஸ்கிட்ட கொள்கை இல்ல, கேள்விதான் இருந்தது. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் தெருவுக்கு வந்து சேர்ந்தது ஒண்ணேதான்.

கடைசியா ஒரு துண்டுக் கதை. சில வருஷமா கொலம்பியாவில் இருந்து ஸ்பெயின் வரைக்கும் பார்ட்டிகளில் ஒரு ரோஸ் கலர் பொடி சுத்துது. 'துசி'ன்னு பெயர். '2சி'யை ஆங்கிலத்தில் சொல்றப்போ காதில் விழற சத்தத்தை ஸ்பானிஷில் அப்படியே எழுதினது. 'பிங்க் கொக்கெய்ன்'னும் சொல்வாங்க. ஆய்வகங்களில் அதைச் சோதிச்சா பெரும்பாலும் கெட்டமைன், எக்ஸ்டசி, காஃபீன், மேல கொஞ்சம் கலர். கொக்கெய்ன் பெரும்பாலும் இருக்காது. 2சி-பி கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது.